டாணாப் பொட்டல்

வரைபடத்தில் அது நகக்கண் அளவு.
மேலூருக்கு வடக்கே, நத்தம் போகும் பாதை
கிளை பிரியும் இடத்தில்
மசி ஊறிய ஒரு சதுரம்.
பக்கத்தில் பொடி எழுத்தில்: பாழடைந்த கோட்டை.
வரைந்தவன் பார்த்த நாளிலேயே பாழ்.
அதற்குப் பிறகு
இருநூறு ஐப்பசி பெய்திருக்கிறது.

முதல் நாள் ஒன்றுமில்லை.
இரண்டாம் நாளும் அதேதான், கூடுதலாக நெருஞ்சி.
மைதீன் ஜீப்பை வேம்படியில் போட்டுவிட்டு
"கோட்டை எந்திரிச்சு மதுரைக்குப் போயிருச்சு போல மேடம்" என்றான்.
நான் நாடாவைச் சுருட்டினேன்.
எங்கள் அலுவலகத்தில்
தடயம் இல்லை என்பதற்கும் படிவம் உண்டு. மூன்று நகல்.

கேட்டால் எல்லோருக்கும் ஒரு கோட்டை தெரிகிறது.
சுரங்கம் இருக்கு, அழகர்மலை வரைக்கும் போகும் என்றார்
ஊராட்சித் தலைவியின் கணவர்.
அவர் காட்டிய குழிக்குள் இறங்கினேன்.
பன்னிரண்டு அடியில் முடிந்தது அழகர்மலை.
உள்ளே நெளிந்த பிளாஸ்டிக் குடம்,
முள்ளம்பன்றி உதிர்த்த இரண்டு முள்.

சுவர் எங்கும் போகவில்லை,
வீடு மாறியிருந்தது.
கண்மாய் மடையில் பழஞ்சுண்ணாம்பு அப்பிய கல்.
செவத்தியான் மாட்டுக் கொட்டிலில்
பட்டைச் செங்கல் நாற்பத்தொன்று.
அதிலொன்றின் முதுகில், சூளைக்குப் போகுமுன்
ஈரத்தில் நடந்துபோன நாயின் கால்.
துப்பாக்கி நீட்டத் துளைத்த கல்
முனி கோயில் படியில்.
அந்தக் கண்ணுக்குள் இப்போது அகல் வைக்கிறார்கள்.
காற்று புகுவதில்லையாம், திரி நின்று எரிகிறதாம்.

வற்றிய கண்மாய்க் கரையில்
ஆண்டிச்சி வீச்சுவலையை உலர்த்தினாள்.
விளிம்பில் கோத்த ஈயக் குண்டுகள்,
சிலது உருண்டை, சிலது ஒரு பக்கம் நசுங்கி.
"கடலை புடுங்கயில அகப்படும்.
எங்க வீட்டு ஆளு ஓட்டை போட்டுக் குடுத்தாரு."
நசுங்கியது எதிலோ பட்டு நசுங்கியது.
எதில் என்று நான் சொல்லவில்லை.
உருண்டையாய் இருப்பது
பயந்த கையிலிருந்து நழுவியதாக இருக்கலாம்.
கொண்டுபோய் எடை பார்க்கட்டுமா என்றேன்.
"கெளுத்திய நீ புடிச்சுக் குடுப்பியா?"
கரையிலேயே தராசு வைத்தேன்.
இருபத்தொன்பது கிராம்.
ஓட்டைக்கு ஒன்றிரண்டு கழிந்திருக்கும்.

எந்த வயல் என்று கேட்டதற்கு
டாணாப் பொட்டல் என்றாள், சாதாரணமாக,
நாலு நாளாய் நான் வரப்போடு நடந்து தாண்டிய வயல்.
பேர்தான் பொட்டல். செவத்தியானின் கடலைக்கொல்லை.
மழை ஏமாற்றிய புரட்டாசி,
செடி வெளுத்து, இலை சுருண்டு கிடந்தது.
தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறி,
பதினேழாம் படியில் திரும்பிப் பார்த்தேன்.

மஞ்சளுக்கு நடுவே
பச்சைப் பட்டையாய் ஒரு சதுரம்.
மூலைக்கு மூலை கொத்தளம் வீங்கி.
அகழி.
தூர்ந்துபோய், மேலே ஏர் ஓடி,
போன மழையின் ஈரத்தை இன்னும்
யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது.
உயர்த்திக் கட்டியதை ஊர் எடுத்துப்போனது.
தோண்டியதை எடுத்துப்போக வழியில்லை.
எந்தக் கைகள் தோண்டினவோ,
கும்பினிக் கணக்கில் மண்வெட்டி எண்ணிக்கை மட்டும் இருக்கும்.

செவத்தியானும் ஏறி வந்து பார்த்தார்.
வெகுநேரம் பேசவில்லை.
"அப்ப அந்த மூலையில போர் போட்டா தண்ணி வருமா?"
ஊற்று இல்லை, தேங்கின ஈரம்தான் என்றேன்.
"எடத்த எடுத்துக்கிருவீகளா?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை,
தொட்டியின் துருவைக் கைக்குட்டையில் துடைத்தேன்.
படம் எடுத்தேன். நாலில் மூன்றில்
ஏணியைப் பிடித்திருந்த மைதீனின் தலை.

அன்று ராத்திரி கொட்டியது.
பத்து நாள் கழித்துப் போனபோது
கொல்லை முழுக்க ஒரே பச்சை,
கோட்டை முழுகியிருந்தது.
செவத்தியான் என்னைப் பார்த்துச் சிரித்தார்,
எனக்கும் சிரிப்பு வந்தது, வரக் கூடாதுதான்.

படிவத்தில் ஒரு கட்டம்:
தடயத்தின் தற்போதைய நிலை.
நிலக்கடலை என்று எழுதினேன்.
அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.