காரணம் என்ற கட்டம்

மெர்வினுக்குச் சம்பளமே
டிவி பார்க்கத்தான்.
வேல்ஸில், மலையைக் குடைந்த மின்நிலையத்தில்
இரவுப் பணி.

தொடர் முடிந்து பெயர்கள் ஓடும்போது
தேசமே எழுந்துபோய்க் கெட்டிலைத் தட்டும்.
அதற்கு ஒரு மூச்சு முன்னால்
அவர் மதகு திறக்கவேண்டும்.
மேல் ஏரி விழும்.
பிரிட்டன் தேநீர் குடிக்கும்.

ஒருமுறை, கால்பந்து அரையிறுதி
பெனால்டிவரை இழுத்த இரவு,
விசைமேல் கை, அடிவயிற்றில் சிறுநீர்,
இங்கிலாந்து தோற்கவேண்டும் என்ற
வேல்ஸ்காரப் பிரார்த்தனை வேறு.
தோற்றது.
அழுதவர்களும் கெட்டிலைத் தட்டினார்கள்.

இப்போது
பாங்கரில் ஒருத்தி முதல் பாகத்தில் இருக்கிறாள்.
லீட்ஸில் ஒருவன் விடிவதற்குள்
எட்டையும் முடித்துவிட்டான்.
கொலையாளி யாரென்று
கேன்டீனில் எவரும் வாய் திறப்பதில்லை,
மற்றவர் எதுவரை பார்த்தாரோ.
மின்கோடு வயல்வெளிபோல் படுத்துக் கிடக்கிறது.
மூலையில் டிவி
சத்தமில்லாமல் யாருக்கோ சமைத்துக் காட்டுகிறது.

போன வியாழன், ஒன்பது இருபதுக்கு
கோடு திடுமென நிமிர்ந்தது.
டிவியில் வானிலைதான்.
வீட்டிலிருந்து எலுனெட் போன் செய்தாள்:
"படம் நின்னுபோச்சு, எல்லாருக்குமாம்.
சரி, டீயாவது போடலாம்னு..."

முடிக்கவிடவில்லை. ஓடினார்.
மதகு திறக்க நாலு விநாடி தாமதம்.
எங்கோ விளக்குகள் ஒருதரம் இமைத்திருக்கும்.

பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டம்.
வழக்கமாக நிகழ்ச்சியின் பெயர் எழுதுவார்.
பேனா மூடியைக் கடித்தபடி நின்றுவிட்டு
எழுதினார்:
வட்டம் சுற்றியது.