விநாடிக்கு இருபத்துநான்கு பாகற்காய்

தைச்சூங் நகரில், ஸ்கூட்டர் பட்டறை ஒன்றின் மேல்மாடியில்
எனக்குக் கிடைத்த வேலை இதுதான்:
வெள்ளைப் பாகற்காய் ஒன்றுக்குக்
கால் முளைக்க வைப்பது.
வான்-ரோ வரைந்தாள். முதுகுப் புடைப்புகள் மட்டும் எழுபது.
பாட்டு கேட்டால் அது ஆட வேண்டும்,
அரட்டைத் திரையின் அடியோரம்,
'சாப்பிட்டாயா'வுக்கும் 'இன்னும் இல்லை'க்கும் நடுவில்.

அதற்குக் காது கிடையாது.
இருப்பதெல்லாம் நான் எழுதிய ஓர் எண்.
ஓசை அதைத் தாண்டினால் இடுப்பு அசையும்.
ஆகவே எல்லாவற்றுக்கும் ஆடியது.
கீழே போ-ஷுன் ஸ்பேனரைத் தவறவிட்டால் ஒரு துள்ளல்,
நான் நூடுல்ஸ் உறிஞ்சினால் ஒரு நெளிவு.
மாலையில் குப்பை லாரி
தன் மெட்டை இசைத்தபடி முனை திரும்பினால்
பையோடு காத்து நிற்கும் தெருவின் கைகளில் எல்லாம்
ஒரே காய், ஒரே தாளம்.
அன்று வான்-ரோ எனக்குத் தேநீர் வாங்கித் தந்தாள்,
பெரிய கோப்பை.

அப்புறம் ச்சியாயியிலிருந்து அந்தப் புகார்.
தூ செங்-யுவான் என்று ஒருவர்.
இரவு இரண்டேகாலுக்குத் தங்கைக்குக் குரல்செய்தி அனுப்பினாராம்:
அண்ணன் போய்விட்டான்.
அவள் அதைத் தட்டியதும்
பாகற்காய் எழுந்து ஆடியிருக்கிறது.
திட்டவில்லை. கோப்பை இணைத்து ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்:
என் அழுகை அவ்வளவு தாளமாகவா இருந்தது?

இருந்தது.
அதை எழுதி அனுப்ப முடியாது.
பதினொரு முறை கேட்டேன். நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு.
விம்மல், மூச்சு, விம்மல், மூச்சு,
எந்த டிரம்மரும் குறை சொல்ல மாட்டான்.

அழுகையை மட்டும் பிரித்துவிடு என்றாள் வான்-ரோ,
அரிசியில் கல் பொறுக்கச் சொல்வதுபோல.
அலைவரைபடங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்:
அவருடைய அழுகை, போ-ஷுனின் சிரிப்பு.
மேடு, பள்ளம், மேடு, பள்ளம்.
பெயர்களை மறைத்து எது எது என்று கேட்டேன்.
தவறாகச் சொன்னாள்.
இடம் மாற்றி அவள் என்னைக் கேட்டாள்.
நானும்தான்.

மூச்சு உடைந்தால் ஆடாதே, என்று எழுதினேன்.
ஆடாமல் என்ன செய்யும்?
அப்படியே நின்றால் போன் தொங்கிவிட்டதென்பார்கள்.
மறைந்தால், நழுவிவிட்டதென்று.
உட்கார வை, என்றாள்.
முழங்காலே இல்லையே அதற்கு.
ஒன்பது நாள்
முழங்கால் வரைந்தாள்.
உட்கார்ந்திருக்கும் ஸ்டிக்கரை எவன் வாங்குவான் என்றார் முதலாளி.
வாங்க வேண்டாம், என்றாள், தலை நிமிராமல்.

போன வியாழன் புதுப் பதிப்பு.
அன்று லாரி தாமதம்.
எனக்கு முன்னால் ஒரு சிறுமி, பள்ளிச் சீருடை,
மீன்முள் வாடை வீசும் பை ஒரு கையில்,
மறு கையில் போன்.
யாரோ அனுப்பியதைக் கேட்டு
மூச்சு முட்டச் சிரித்தாள்.
ஆடிக்கொண்டிருந்த பாகற்காய் நின்றது.
புது முழங்காலை மெல்ல மடித்து
அவள் பெருவிரலுக்கு அருகில் உட்கார்ந்தது.
அதைப் பார்த்து இன்னும் சிரித்தாள்.
அது இன்னும் கொஞ்சம் நகர்ந்து, நெருங்கி உட்கார்ந்தது.

பிழைதான். திருத்த வேண்டும்.
குறித்துக்கொள்ளப் பேனா தேடினேன்.
மெட்டு முனை திரும்பியது, தெரு முழுக்கப் பைகள் நிமிர்ந்தன,
அது மட்டும்
எழுந்திருக்கவில்லை.