நற்பெயரை மதிப்பிடுதல்

வாலிபால் பற்றி எனக்குத் தெரிந்தது
பந்து கீழே விழக்கூடாது, அவ்வளவுதான்.
இருந்தும் தேர்வுக்குழுவில் மூன்றாவது நாற்காலி எனக்கு.
வணிகவியல் துறை, கணக்கு வரும்,
யாருக்கும் வேண்டப்பட்டவர் இல்லை என்று
செயலரே சொன்னார், பாராட்டுப் போல.

ஞானசெல்வம் மிஸ் பதினாலு வருடம்.
பதினோரு கோப்பை.
அலமாரி நிரம்பி
முதல்வர் அறை ஜன்னல் திட்டிலும் சில
கோரிப்பாளையத்துப் புழுதி அப்பி நிற்கின்றன.
அவர் ரயில்வேக்குப் போகிறார், செகந்திராபாத்.
வழியனுப்பு விழா மிக்சர் இன்னும் அரை டப்பா இருக்கிறது.

எங்கள் பாடத்தில் நற்பெயர் என்றொரு சொத்து உண்டு.
தொட முடியாது, பூட்டி வைக்க முடியாது.
கூட்டாளி ஒருவர் விலகும்போதுதான்
அவசரமாக அதற்கு விலை போடுவோம்.

முதலில் சேலத்துக்காரர்.
மடிக்கணினி முழுக்க அம்புக்குறிகள்.
எதையெல்லாம் மாற்றுவீர்கள்?
எல்லாத்தையும் சார்.
செயலர் முகம் ஆறின டீயாக ஏடு கட்டியது.

அடுத்து பியூலா.
ஒன்பது வருடம் மிஸ்ஸுக்குப் பக்கத்தில்
விசிலும் நோட்டுமாக நின்றவள்.
எதை மாற்றுவாய்?
எதையும் இல்ல சார்.
இப்போது முதல்வர் முகம்.

கடைசியாக ஒச்சம்மாள்,
பழைய கேப்டன், செக்கானூரணியில் பள்ளி வேலை.
பஸ் கிடைக்கவில்லை என்று வியர்வையோடு வந்தாள்.
கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.
‘மூணு வருசம் தோத்தோமே,
அந்த மூணு ராத்திரியும் மிஸ் என்ன பண்ணாங்கன்னு
இங்க யாருக்காச்சும் தெரியுமா?’
மின்விசிறி மட்டும் சுற்றியது.
‘எனக்குத் தெரியும். ரெண்டுல நான் ஆடுனேன்.’
அதற்கு மேல் கேட்க
எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

செயலருக்குப் பியூலா, சேலம் கூடவே கூடாது.
முதல்வருக்குச் சேலம், பியூலா வேண்டவே வேண்டாம்.
இரண்டாவது டீயும் முடிந்தபோது
இருவர் தாளிலும் இரண்டாவது பெயர்
ஒச்சம்மாள்.
என் தாளில் முதல் பெயரும் அதுதான்,
அதை யாரும் கேட்கவில்லை.

முதல் வருடமே காலிறுதியில் திருநெல்வேலியிடம் தோல்வி.
செயலர் வராந்தாவில் என்னைப் பார்த்ததும்
கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்.

அன்றிரவு விடைத்தாள் திருத்தி முடிய எட்டரை.
கீழே மைதானத்தில் ஒற்றை விளக்கு.
பிள்ளைகளை அனுப்பிவிட்டிருந்தாள்.
அவளும் பியூலாவும் கோட்டுக்குப் பின்னால் நின்று
எதிரே ஆளில்லாத பக்கத்துக்கு
மாற்றி மாற்றி சர்வீஸ் அடித்தார்கள்.
பேசவில்லை.
பந்து தீர்ந்தால் போய்ப் பொறுக்கி
மறுபடி அங்கிருந்து.

எண்ணியதாகத் தெரியவில்லை.
நான் எண்ணினேன், மாடிக் கைப்பிடியைப் பிடித்தபடி.
நூற்றுப் பன்னிரண்டு.
ஏழு வலையில்.