மூன்றும் ஐந்தும்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
எல்லா வண்டியும் அணைந்த பிறகும்
என் வண்டி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
அணைத்தால் மறுபடி உயிர் வருமோ என்ற பயம்.
டக்டக் டக்டக்.
நெல் லாரியிலிருந்து ஒரு தலை நீண்டது.
"டாப்பெட்டுங்க" என்றது,
யாரும் கேட்காமலே.

தேசிங்கு பட்டறையில் நானூறு ரூபாய்.
வண்டியை விட்டுட்டுப் போங்க,
சாயங்காலம் எடுத்துக்கலாம்.
நான் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவன்.
பின்சீட்டில் நைட்ரஜன் கேன்;
உள்ளே புகையும் குளிரில்
ஜெர்சிக் காளைகள் குச்சி குச்சியாய்க் காத்திருக்கின்றன.
பருவத்துக்கு வந்த பசுவிடம் போய்
சாயங்காலம் பார்த்துக்கலாம் என்று எப்படிச் சொல்வது?

நானே செய்துவிடுகிறேன் என்று
கும்பகோணம் கடைவீதியில் விசாரித்தேன்.
டாப்பெட் சாவி, ஃபீலர் கேஜ், ஒன்பதாம் நம்பர் ஸ்பேனர்,
பெட்டியோடு ஆயிரத்து முந்நூறு.
பெட்டி வேண்டாம் என்றேன்.
பெட்டி இல்லாமல் கிடையாதாம்.

மன்னார்குடி சாலையில்
பக்கிரிசாமியின் பழைய இரும்புக் கடை.
டிராக்டர் பல்சக்கரத்துக்கும்
கோணிப்போன ஜன்னல் கம்பிக்கும்
அந்தத் தராசில் ஒரே மரியாதை.
ஸ்பேனர் கிடைத்தது.
கேஜும் கிடைத்தது, டீசல் நாற்றத்தோடு.
விசிறியாய் விரித்து எண்ணினேன்:
மூன்று, ஐந்து,
அப்புறம் நேராகப் பத்து.
ஒரு மில்லிமீட்டரை நூறாகக் கிழித்து
அதில் எட்டுக் கேட்கிறது என் வண்டி.
அந்த எட்டை மட்டும்
எவனோ ஒடித்துக்கொண்டு போயிருக்கிறான்.

சாவிதான் அகப்படவில்லை.
வால்வுத் திருகின் தலையைச் சொன்னேன்,
சின்னதாய், சதுரமாய்.
பக்கிரிசாமி ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துச்
சுவர்க்கடிகாரச் சாவி ஒன்றைத் தூக்கிப்போட்டார்.
சதுர ஓட்டை.
"கடிகாரம்?"
"அது எடைக்குப் போயி நாலு வருசம் ஆச்சு."
மூன்றையும் நிறுத்தால் எட்டரை ரூபாய்.
"இரும்புன்னா எட்டரை,
சாமான்னா இருபது" என்றார்.
கொடுத்தேன்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், ராத்திரி முழுக்க.
அதுதான் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.
முதல் நாள் கொரடாச்சேரியில் ஒரு பசு கத்தியது,
மறுநாள் பூவனூரில் இரண்டு.
மூன்றாம் ராத்திரி மழை.
எந்த மாடும் கூப்பிடவில்லை.

விடிகாலை நாலு மணி.
அமலோற்பவம் செல்போன் விளக்கைப் பிடித்தாள்,
கொட்டாவி விடும்போதெல்லாம்
வெளிச்சம் தென்னை மரத்துக்குப் போய்வந்தது.
மூடியைக் கழற்றி, மேக்னெட்டைத் திருப்பி
கோட்டுக்கு நேரே டி எழுத்தை நிறுத்தினேன்.
மூன்றையும் ஐந்தையும் ஒன்றின்மேல் ஒன்றாய் ஒட்டி
உள்ளே விட்டேன்.
லேசாய்ப் பிடிக்கணும், ஆனால் வரணும்.
லேசு என்றால் எவ்வளவு?
என் கைக்குத் தெரியவில்லை,
மாட்டுக்குள் தோள்வரை போகிற கை.

"தள்ளுங்க" என்றாள்.
இருபது வருஷமாய் ஜாக்கெட் தைக்கிறவள்.
"பிரஷர் புட்டுக்கடியில லைனிங் துணி வர்ற மாதிரியா?"
ஆமாம் போல இருந்தது.
இழுத்துப் பார்த்து, "தளருது."
திருகினேன்.
"இப்ப இறுக்கம்."
சரியான இடத்தில் நிறுத்தி நட்டைப் பூட்டினால்
பூட்டுகிற சாக்கில் கடிகாரச் சாவியும் கூடவே நகர்ந்தது.
மறுபடி. மறுபடியும்.
நாலாவது தடவை அவள் ஒன்றும் சொல்லவில்லை,
விளக்கை அணைத்துவிட்டு
காபி போடப் போய்விட்டாள்.

உதைத்தேன்.
சத்தம் முழுக்கப் போகவில்லை.
பக்கத்து வீட்டில் வெற்றிலை இடிக்கிற அளவுக்கு
ஏதோ கொஞ்சம் இருந்தது.
இருக்கட்டும்,
சுத்தமாய் ஊமையானால்தான் வால்வு எரியுமாம்.

ஆறு மணிக்கு ஒளிமதியிலிருந்து போன்:
"ராத்திரி பூரா கத்துதுங்க, சீக்கிரம் வாங்க."
ஈரச் சாலையில் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.
நீடாமங்கலம் கேட் திறந்திருந்தது.
வருஷக்கணக்கில் திட்டியிருக்கிறேன் அந்தக் கேட்டை.
இன்றைக்குப் பார்த்து
ஒரு கூட்ஸ் வரக்கூடாதா,
எல்லாரும் அணைத்துவிட்டு நிற்க,
கொஞ்ச நேரம்
நாலு பேர் கேட்க.