கணு

பத்தரமுல்லையில் வாங்கினது, ஆயிரத்து இருநூறு ரூபா.
"பைன், நோனா. அபே கஹ" என்றான்.
நம்முடைய மரமாம்.
வெள்ளவத்தை வரை ஆட்டோவில், மடியில்,
மழைக்கோட்டுக்கு வெளியே நுனி மட்டும்.

நாலாம் மாடி. லிஃப்ட் வேலையில்லை.

பைன் என்றால் அடியில் ஒரு பழுப்பு உறை,
அதற்குள்ளிருந்து இரண்டோ மூன்றோ ஊசி
ஒன்றாகப் புறப்பட வேண்டும்.
கசக்கினால் பிசின் மணக்க வேண்டும்.
இது பச்சைத் தண்ணீர் மணந்தது.
ஓர் ஊசியைப் பிடித்து மெல்ல இழுத்தேன்.
டிக்.
கணுவில் கழன்றது,
கரையோர ரயிலில் கடைசிப் பெட்டி போல.
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தால்
கணுவைச் சுற்றி ஏழு பல்.
அதுதான் இலை. மிச்சமெல்லாம் காம்பு.

சவுக்கு.
பைனுமில்லை, இந்த ஊருமில்லை.
காற்றை மறிக்க யாரோ எப்போதோ
கொண்டுவந்து நட்ட சாதி.

மேசையில் பொலிஸ் படிவம் கிடந்தது,
வீட்டிலிருப்போர் விபரம்.
'சொந்த இடம்' என்ற கட்டத்தில்
பத்தொன்பது வருடமாக
ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று எழுதுகிறேன்.
பேனாவை மூடிவிட்டுச்
சட்டி தேடப் போனேன்.

பெயின்ட் வாளி, அடியில் நாலு ஓட்டை.
மணல் இரண்டு பங்கு, தும்புத்தூள் ஒன்று.
தண்ணீர் குறைவு. மேற்குப் பார்த்த பல்கனி,
உப்புக்காற்றுக்கு முகம் கொடுத்து.
முதல் மாதம் பாதி உதிர்ந்தது, பெருக்கி அள்ளினேன்.
பிறகு நுனியில்
ஒரு கணு கூடியது.

பக்கத்து பல்கனியில் உடுப்புக் காயப்போட்டபடி
மிஸிஸ் தர்மகுலராணி கேட்டா:
"அது என்ன மரம்?
இங்கத்தையதோ?"

"வேர் பிடிச்சிட்டுது" என்றேன்.