கடைசி இலக்கம்

தொருகார்த் கணவாயைப் பனி மூடி
லாரியோடு நான்கு நாள் நின்றேன்.
அப்போதும் அக்காவின் எண்தான் நினைவில்.
நூற்று எழுபத்து மூன்று இலக்கம்.
ஒன்பதில் முடிகிறது.
அதற்குமேல் எனக்கு அதனோடு பழக்கமில்லை.

நாரின் வானிலை நிலையத்தில் சைகாலுக்கு இரவுப் பணி.
மூன்று மணிக்கொருமுறை வெளியே போய்
காற்றையும் குளிரையும் படித்துக் குறித்துவைப்பாள்.
அலுவலகம் கழித்துப்போட்ட மூன்று கணினிகளை
வீட்டில் ஓடவிட்டு
இரண்டு குளிர்காலமாக அந்த எண்ணைப் பிளக்கிறாள்.
மின்கட்டணம் என் தலையில்.

"பகா எண்ணாக இருந்துவிட்டால்?"
"இல்லை. அது முதல்நாளே தெரிந்துவிட்டது.
இரண்டை எடு. இந்த எண்ணுக்கு
ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்து.
இந்த எண்ணாலேயே வகு.
பகா எண்ணென்றால் மீதி ஒன்று.
வரவில்லை."
அப்படியானால் எதையும் எதையும் பெருக்கியது?
"அதை அந்தச் சோதனை சொல்லாது."

இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.
சுங்கச்சாவடிக்காரன் பெட்டியைத் தட்டிப் பார்த்து
காலியில்லை என்று எழுதிக்கொள்கிறான்;
உள்ளே என்னவென்று
அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது,
பூட்டு மட்டும் எல்லாரையும் பார்க்கிறது.

வளைவரை ஒன்றை மனம்போனபடி எடுத்து
அதன்மேல் ஒரு புள்ளியை ஓட்டுகிறாள்.
யோகமிருந்தால் புள்ளி எங்கோ இடறும்;
இடறிய இடத்தில் காரணி.
பதினோராயிரத்துச் சொச்சம் வளைவரைகள்.
ஒன்றும் இடறவில்லை.

நடுவில் மின்சாரம் போகும்.
வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்ததே என்று
நான்தான் தலையில் அடித்துக்கொள்வேன்.
அவள் குரூத் உருண்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
இருட்டில் சொல்வாள்:
"இங்கே வெண்ணெய் திரள்வதே இல்லை, எர்கின்.
ஆயிரம் தோற்றால்
ஆயிரத்தொன்றாவது பக்கத்தில் வந்ததாக ஆகாது."

மார்ச்சில் ஓரிரவு.
அவள் பணியில். நான் காலுறைகளை
கணினிச் சூட்டில் காயவைத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.
விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்கின.
அந்த நிசப்தம்தான் எழுப்பியது.
திரையில் இரண்டு வரி:
ஒன்று ஐம்பத்தேழு இலக்கம்,
மற்றது நூற்றுப் பதினாறு.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
டீசல் ரசீதின் பின்புறம் இரண்டையும் எழுதினேன்,
ஒரு இலக்கம் தவறி, அடித்து, மறுபடி.

எண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.
நேற்றும் அது இவைதாம்.
ஆறு உறைவதற்கு முன்பும்,
ஆறென்று ஒன்று இருப்பதற்கு முன்பும் இவைதாம்.
அறைதான் மாறிக்கொண்டிருந்தது:
சன்னலில் பனி ஏறியது,
காலுறை ஈரமாகவே நின்றது,
நடுக்கணினிமேல் படுத்திருந்த பூனை
எழுந்து, என்னை ஒரு பார்வை பார்த்து,
அடுப்புள்ள பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

அவள் வர இன்னும் மூன்று மணி நேரம்.
பெருக்கிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.
கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்தேன்.
இதன் வாலில் ஏழு. அதன் வாலிலும் ஏழு.
ஏழேழு நாற்பத்தொன்பது.
ஒன்பது.

சரி.