அறுபதாம் நாள்

போன தையில் ஒரு ஞாயிறு நள்ளிரவு
சான்றிதழ் காலாவதியானது.
திங்கள் காலை வள்ளியூர் கிளையில்
டயாலிசிஸ் சீட்டு ஒன்றும் அச்சாகவில்லை.
தரவுத்தளமும் அதன் நகல்களும்
ஒன்றையொன்று பார்த்து
"நீ யார்" என்றே கேட்டுக்கொண்டு நின்றன.

கேஸ் ஏஜென்சி காலண்டரில்
நான் போட்டிருந்த சிவப்பு வட்டம்
பால்கணக்குக்கு அடியில் கிடந்தது.

இப்போது வட்டம் கிடையாது.
தொண்ணூறு நாள் ஆயுளில் அறுபதாம் நாள்
புதுச் சான்றிதழ் தானே வந்து இறங்கும்.
இறங்கவும் செய்தது. கோப்பு புதுசு;
ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளமோ
பழசையே மனசில் வைத்திருந்தது.
போர்ட்டைத் தட்டித் தேதி கேட்டபோதுதான் தெரிந்தது.
மறுபடி படி என்று
ஒரு வரி சேர்த்தேன்.

நேற்று ராத்திரி மூணு பத்துக்கு
கன்டெய்னர் கன்டெய்னராக நகல்கள்,
கடைசியாகத் தலைமை,
மாற்றிக்கொண்டன.
வள்ளியூரில் இரவு ஷிப்டுக்காரர்
கொட்டாவி விட்டிருப்பார், அவ்வளவே.
நான் தூங்கினேன்,
அலாரம் வைத்துக்கொண்டுதான்.

காலையில் வண்ணார்பேட்டை ரவுண்டானாவில்
ஸ்கூட்டரை ஓரங்கட்டச் சொன்ன ஏட்டம்மா
லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"செய்யதலி பாத்திமா...
தேதி முடிஞ்சு
பதினோரு நாள் ஆச்சுல்லா?"